இரண்டு வீடுகளுக்குள் ஒரு முழுநீளப் படத்தை எழுதுவது எப்படி?

குறைந்த செலவில் படமெடுக்கப் போவதாகத் திரைக்கதையை நீட்டுகிறவர்களிடம், பக்கத்தைப் புரட்டும் முன்பே 'லொகேஷன் எத்தனை?' என்று கேட்டுவிடுவேன். பதினைந்தைத் தாண்டினால், 'எ சோப்' பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். பெர்னில்லே ஃபிஷர் கிறிஸ்டென்சனின் முதல் முழுநீள டேனிஷ் படம் அது. 2006 பெர்லின் விழாவில் நடுவர் குழுவின் வெள்ளிக் கரடியையும் சிறந்த முதல் படத்துக்கான விருதையும் வாங்கியது. ஏறக்குறைய மொத்தக் கதையும் மேல்வீடு, கீழ்வீடு இரண்டுக்குள்ளேயே நடக்கிறது.

முதலில், ஒட்டவே ஒட்டாத இருவரை ஒரே கட்டடத்தில் குடிவையுங்கள். அழகு நிலையம் நடத்தும் சார்லட், காதலனை உதறிவிட்டு மேல்வீட்டுக்கு வருகிறாள். கீழ்வீட்டு வெரோனிகா திருநங்கை. அறுவை சிகிச்சைக்கான அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறாள். இவர்களைச் சந்திக்க வைக்க விதியையும் மழையையும் கூப்பிடாதீர்கள். கட்டிலை நகர்த்தக் கை கொடுப்பது போன்ற ஒரு வீட்டுவேலை போதும். வேலை செய்யும்போது மனிதர்கள் நடிக்க மறந்துவிடுகிறார்கள்.

அடுத்ததுதான் பணத்தை மிச்சப்படுத்தும் இடம். கதாபாத்திரம் பிரச்சினையைத் தேடி வெளியே போனால் யூனிட் முழுவதும் வண்டி கட்டிக்கொண்டு பின்னால் போக வேண்டும். ஆகவே பிரச்சினையை வாசலுக்கு வரவழையுங்கள். இந்தப் படத்தில் பழைய காதலன் வருகிறான், வெரோனிகாவின் அம்மா வருகிறாள், பாலியல் தொழில் செய்யும் வெரோனிகாவைத் தேடி வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். ஒவ்வொரு காட்சியையும் எழுதியதும் 'கதவைத் தட்டியது யார்?' என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பதில் இல்லாத காட்சி பெரும்பாலும் வெட்ட வேண்டிய காட்சி.

வெரோனிகாவின் நாய்க்குட்டியையும் கவனியுங்கள். முதலில் வெறும் சிரிப்புக்காக வந்தது போலத் தெரியும். அவள் உயிரை விடத் துணியும் நேரத்தில் மேல்வீட்டை எட்டுவது அதன் சத்தம்தான். சிரிக்க வைத்த பொருளையே திரும்ப எடுத்து அழவைப்பது, தனியாக ஒரு சோகக் காட்சி கட்டுவதைவிட மலிவு, வலுவும் அதிகம்.

நாட்கள் கடந்ததைக் காட்ட, தொலைக்காட்சித் தொடர் பாணியில் கறுப்பு வெள்ளை இடைவெளிகளும் பின்னணிக் குரலும் வருகின்றன. நீங்களும் செய்யலாம். ஆனால் குரல் கதையை மட்டும் நகர்த்தட்டும். 'அவள் மனம் உடைந்தது' என்று சொல்ல ஆரம்பித்தால் நடிகைக்கு வேலை இல்லாமல் போய்விடும். சார்லட்டாக நடிக்கும் ட்ரீனே டூர்ஹோல்மின் முகத்தை வைத்துக்கொண்டு அப்படி எழுதுவது பாவம்.

ஒன்றில் மட்டும் இந்தப் படத்தைப் பின்பற்றாதீர்கள். வெரோனிகாவாக டேவிட் டென்சிக் மிக நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனாலும் இன்று எழுதுகிறவர் அந்த வேடத்துக்குத் திருநங்கை ஒருவரைத்தான் தேட வேண்டும், எழுதும்போதே அவரிடம் வசனத்தைப் படித்தும் காட்ட வேண்டும்.

இரண்டே வீடு என்றால் காட்சிகளைக் கதையின் வரிசையிலேயே எடுக்கலாம். நடிகர்களுக்கிடையே பழக்கம் வளர்வது திரையிலும் தெரியும். பெரிய பட்ஜெட் படங்களுக்கே எளிதில் கிடைக்காத வசதி இது. வீட்டுக்கு முன்பணம் கொடுக்குமுன் இரவு ஒன்பது மணிக்கு ஒலிப்பதிவாளரை அழைத்துப்போய் அரைமணி நேரம் சும்மா உட்கார வையுங்கள். தண்ணீர் மோட்டாரும் பக்கத்து வீட்டுக் குக்கரும் எப்போது குரல் கொடுக்கும் என்று தெரிந்த பிறகு கால்ஷீட் போடுங்கள்.