கிட்டார் ஆம்பின் முன் மைக்கை எங்கே வைப்பது?

ரெக்கார்டு செய்த கிட்டார் காதைக் குத்தினால் பலரும் நேராக ஈக்யூவை (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும் கருவி) திருகப் போகிறார்கள். அதற்கு முன் மைக்கை ஒரு விரல் அகலம் நகர்த்திப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

தொடங்க ஒரு டைனமிக் மைக் போதும். 1965-இல் வந்த ஷூர் எஸ்எம்57 இன்றும் ஆம்புகளின் முன்னால் நிற்கிறது. பெரிய சத்தத்தைத் தாங்கும், பேன்டம் பவரும் (சில மைக்குகளுக்குக் கேபிள் வழியே தரும் மின்சாரம்) வேண்டாம்.

முதலில் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். துணி மறைத்திருக்கும், டார்ச் அடித்தால் கோனும் (ஒலி எழுப்பும் கூம்பு), அதன் நடுவில் வட்டமாக டஸ்ட் கேப்பும் தெரியும். நடுப்புள்ளியில் சின்னதாக ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். நான்கு ஸ்பீக்கர் உள்ள கேபினட் என்றால் ஒவ்வொன்றையும் மைக் வைத்துக் கேட்டு, நன்றாக இருப்பதை எடுங்கள்.

இப்போது டஸ்ட் கேப்பும் கோனும் சேரும் விளிம்புக்கு நேராக, துணியிலிருந்து 2 அல்லது 3 செ.மீ. தள்ளி மைக்கை வையுங்கள். லூப்பர் பெடல் இருந்தால் ஒரு சிறு பகுதியை அதில் சுழலவிடுங்கள். வாசிப்பு மாறாதபோதுதான் மைக் செய்யும் வித்தியாசம் பிடிபடும். ரெக்கார்டிங் அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெல் அருகே நின்றால் போதும்.

அப்புறம் ஹெட்போனில் கேட்டபடி மெதுவாக நகர்த்துங்கள். நடுவை நெருங்க நெருங்க ஒலி கூர்மையாகும்; டிஸ்டார்ஷன் அதிகம் என்றால் ஈ மொய்ப்பது போலக் கூடக் கேட்கும். கோனின் ஓரத்துக்குப் போனால் அந்தக் கூர்மை மழுங்கி, கதகதப்பு வரும். ரொம்ப ஓரம் போனால் போர்வைக்குள் வாசித்தது போலாகிவிடும். இந்த ஒரு படிக்கு அரை மணி நேரம் செலவழித்தாலும் வீண் இல்லை. மைக்கை 45 டிகிரி சாய்த்தாலும் கூர்மை குறையும்; ஆனால் நான் முதலில் இடத்தைத்தான் மாற்றுவேன்.

தூரம் வேறு வேலை செய்கிறது. எஸ்எம்57 போன்ற மைக்குகள் ஒலி வரும் இடத்தை நெருங்கும்போது அடிஒலியைக் கூட்டிக் காட்டும். குமுறல் அதிகமானால் 10 அல்லது 15 செ.மீ. பின்னால் இழுங்கள். இன்னும் விலகினால் அறையின் எதிரொலியும் சேர்ந்து வரும். அறை நன்றாக இருந்தால் மட்டும் அது அழகு.

இரண்டாவது மைக் வைக்க ஆசை வந்தால் ஃபேஸ் (இரண்டு மைக்கின் ஒலி அலைகளும் ஒத்துப்போவது) கவனம். ஒரு மைக் மற்றதைவிட 17 செ.மீ. பின்னால் இருந்தால், அரை மில்லி செகண்ட் தாமதத்தில் 1000 ஹெர்ட்ஸ் பகுதி வெகுவாக அடிபடும். இரண்டின் முகப்பையும் ஸ்பீக்கரிலிருந்து ஒரே தூரத்தில் வையுங்கள். பிறகு ஒன்றின் போலாரிட்டியை மாற்றி (அதன் அலையைத் தலைகீழாக்கி) கேளுங்கள். எதில் சத்தம் தடிமனாக இருக்கிறதோ, அதுதான் சரி.

பிடித்த இடம் கிடைத்ததும் மொபைலில் படம் எடுத்துவிடுங்கள். ஸ்டாண்டின் கால்களைச் சுற்றித் தரையிலும் டேப் ஒட்டுங்கள். மீதிப் பாட்டை நாளைக்கு வாசிக்கும்போது அதே இடம் வேண்டும்.