புதுக்கோட்டைக் குன்றுகளுக்கிடையே சைக்கிள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல், இலுப்பூர் வழியாக விராலிமலை வரை நீளும் நிலம் சைக்கிளில் போகிறவருக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். செம்மண் மேடு மெல்ல ஏறி, ஒரு கண்மாய்க் கரையில் இறங்கி, தைலமரக் காட்டைத் தாண்டி மறுபடியும் ஏறும். எந்த ஏற்றமும் மூச்சு முட்ட வைப்பதில்லை. இடையிடையே மொட்டைப் பாறையாக எழுந்து நிற்கும் குன்றுகளில் சமணத் துறவிகள் தங்கிய கற்படுக்கைகளும், பாறையைக் குடைந்து எடுத்த குடைவரைக் கோயில்களும், கல்லால் கட்டிய சோழர் காலத் தொடக்கத்துக் கற்றளிகளும் இருக்கின்றன. நிலம் இவ்வளவு இணக்கமாக இருப்பதாலேயே இங்கு வருகிறவர்கள் முன்னேற்பாட்டில் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள் என்பதைப் பல பயணங்களில் பார்த்திருக்கிறேன்.

முதல் தவறு, பயணத்தைக் கிலோமீட்டரால் அளப்பது. புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் சுமார் 16 கிலோமீட்டர், நார்த்தாமலை 17, குடுமியான்மலை 20, தெற்கே திருமயம் 20. இவற்றைக் கூட்டிப் பார்த்துவிட்டு, மணிக்கு 15 கிலோமீட்டர் மிதித்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு மிதிக்கும் நேரத்தை மட்டுமே காட்டும். நிற்கும் நேரம் அதில் இல்லை. சித்தன்னவாசலில் ஓவியங்கள் உள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயில் ஓர் இடம், பாறைப் படிகளில் ஏறிச் சென்று பார்க்க வேண்டிய, சமணர் படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டம் குகை வேறோர் இடம். அறிவர் கோயிலுக்குள் வெளி வெயிலிலிருந்து நுழைந்தவுடன் விதானம் வெறும் கறைபடிந்த சுண்ணாம்புப் பூச்சாகத்தான் தெரியும். கண் இருட்டுக்குப் பழகும்வரை ஐந்து நிமிடம் பேசாமல் நின்றால், முதலில் தாமரை இலைகளின் பச்சை தெளியும். பிறகு மீன்கள், யானைகள், பூப்பறிக்கும் கையோடு குளத்தில் நிற்கும் மனிதர் என ஒவ்வொன்றாக எழுந்து வரும். ஒன்பதாம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டே நிமிடத்தில் வெளியேறுகிறவர் அந்தக் குளத்தைப் பார்க்காமலே திரும்புகிறார். என் கணக்கில் ஒரு நாளுக்கு இரண்டு இடங்கள் போதும். மூன்றாவது இடத்தை வழியில் நேரம் மிஞ்சினால் வைத்துக்கொள்ளலாம்.

எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போவது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. நார்த்தாமலையின் மேலமலையில் விஜயாலய சோழீஸ்வரம் என்னும் சிவன் கோயில் மேற்கு நோக்கி நிற்கிறது. அதற்கு எதிரே உள்ள இரண்டு குடைவரைகளும் கிழக்கு நோக்கியவை. ஆகவே காலை வெயில் குடைவரைகளுக்குள் நேராக விழும், ஏறிப்போகும் பாறையும் சூடேறியிருக்காது. அதே பாறையில் உச்சிப் பொழுதில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்வைக்க முடியாது. காலுறை ஒரு ஜோடி பையில் இருந்தால் அந்த நேரத்தில் அதன் அருமை புரியும். கொடும்பாளூர் மூவர் கோயிலின் விமானங்கள் மேற்கு நோக்கியவை, இடமும் சமதளம். அங்கே பிற்பகலில் போவதுதான் சரி. வழிபாடு நடக்கும் பெரிய கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும் என்பதால், குடுமியான்மலைக்குப் பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேரும்படி திட்டமிட்டால் பூட்டிய கதவின் முன் நான்கு மணி நேரம் உட்கார நேரிடும்.

சாலையைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. உறையூரிலிருந்து மதுரை செல்லும் வழி கொடும்பாளூரில் சிவபெருமான் ஏந்திய சூலம்போல் மூன்றாகப் பிரிவதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இன்றும் திருச்சி–மதுரை நான்குவழிச் சாலை அந்த ஊரை ஒட்டியே போகிறது. அலைபேசி காட்டும் விரைவான வழி பெரும்பாலும் அந்தச் சாலைக்குத்தான் இழுத்துச் செல்லும். பேருந்தும் லாரியும் முழு வேகத்தில் போகும் அந்த ஓரத்தில் மிதிப்பது ஆபத்தானது, அழகும் இல்லை. பத்துக் கிலோமீட்டர் கூடினாலும் ஊராட்சிச் சாலைகளில் போவதே நல்லது. ஒவ்வொரு பிரிவிலும் டீக்கடையில் அடுத்த ஊரின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டால் வழி தவறாது.

காலம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மார்கழியும் தையும் மாசியும் ஏற்றவை, சித்திரையில் வரக் கூடாது, ஆடியில் மேல்காற்று எதிரே நின்றால் சமதளமே ஏற்றமாகிவிடும். பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழாவின்போதும், பொங்கலை ஒட்டி ஜல்லிக்கட்டு நடக்கும் நாள்களிலும் சாலைகள் நிறைந்திருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு நாளைக் குறிக்க வேண்டும்.

இந்த மண்ணில் சைக்கிளுக்கு உண்மையான எதிரி முள். கரிமூட்டத்துக்காகச் சீமைக்கருவேலத்தை வெட்டி, கிளையோடு இழுத்துப் போவதால் சாலையோரத்தில் எப்போதும் முள் கிடக்கும். எதிரே வண்டி வரும்போது ஒதுங்குகிற அந்த ஓரடியில்தான் பஞ்சர் ஆகும். மெல்லிய பந்தய டயரோடு வருவது முதல் தவறு. 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் இங்கே வேண்டும். இரண்டாவது தவறு பஞ்சர் போடும் முறையில் இருக்கிறது. நார்த்தாமலையிலிருந்து திரும்பும் வழியில் ஒருமுறை அவசரமாகப் புது டியூபை மாற்றிக் காற்றடித்துக் கிளம்பினேன். அரைக் கிலோமீட்டர் போவதற்குள் மறுபடி காற்று இறங்கிவிட்டது. முள்ளின் நுனி டயருக்குள்ளேயே முறிந்து நின்றிருந்தது. வெளியே எதுவும் தெரியாது. உள்பக்கத்தில் அரிசிக் குருணை அளவுகூட இல்லாத கறுப்பு முனை நீட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பழந்துணியைச் சுருட்டி டயரின் உள்சுற்று முழுவதும் ஒருமுறை தடவிவிட்டுத்தான் டியூபைப் போடுகிறேன். விரலால் தடவினால் முள் விரலில் ஏறும். துணியில் நூல் சிக்குகிற இடத்தில் முள் இருக்கும். இரண்டு உதிரி டியூபும் ஒட்டும் சொல்யூஷனும் கைப்பம்பும் இல்லாமல் இந்தப் பக்கம் வருவது கூடாது, ஏனென்றால் சிற்றூர்களில் சைக்கிள் கடைகள் குறைந்துவிட்டன, கியர் வண்டியின் டியூப் அளவு அங்கே கிடைக்காது.

அறுவடைக் காலத்தில் உளுந்துச் செடியையும் கொள்ளுக் கொடியையும் தார்ச்சாலையில் பரப்பி வைத்திருப்பார்கள். வண்டிச் சக்கரங்கள் ஏறினால்தானே மணி உதிரும் என்று அதன்மேல் ஓட்டிவிடக் கூடாது. கொடி செயினிலும் பின்சக்கரத்திலும் சுற்றிக்கொண்டு கியரையே வளைத்துவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் ஒரு நிமிடம்தான் செலவாகும்.

தண்ணீர் விஷயத்தில் நடக்கும் தவறு உடம்பையும் ஊரையும் சேர்த்துப் பாதிக்கும். ஊர்களுக்கிடையே பத்துக் கிலோமீட்டர் வரை கடையே இல்லாத தடங்கள் உண்டு. இரண்டு லிட்டராவது வண்டியில் இருக்க வேண்டும். செம்மண் அப்பிய சக்கரத்தை வழியில் தெரியும் குளத்தில் கழுவலாம் என்று ஒருநாள் நான் இறங்கியபோது, குடத்தோடு வந்த வயதான அம்மா ஒருவர், "தம்பி, இது குடிக்கிற தண்ணிப்பா, ஊருணி. கண்மாய் அந்தப் பக்கம் இருக்கு," என்றார். குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் நெஞ்சு சுருக்கென்றது. கால்நடை இறங்காமல், யாரும் குளிக்காமல் ஊரே காத்துவரும் நீர் அது. நாலு பக்கமும் கரை கட்டி, இறங்கப் படித்துறை வைத்திருக்கும் சிறிய குளத்தைக் கண்டால், கேட்காமல் காலைக்கூட நனைக்க வேண்டாம்.

பழைய இடங்களுக்கு நாமே கேடாகிவிடுவதும் உண்டு. சித்தன்னவாசலைச் சுற்றிய பொட்டல்களில் சாலையை ஒட்டியே பெருங்கற்காலக் கல்வட்டங்கள் கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் இவற்றைக் குரங்குப் பட்டடை என்பார்கள். குறுக்குவழி என்று அவற்றினூடே வண்டியை ஓட்டுவதும், உட்காரக் கல்லைப் புரட்டுவதும், ஈராயிரம் ஆண்டாக அசையாமல் இருந்த ஈமச்சின்னத்தைக் கலைக்கும் செயல். அய்யனார் கோயில் மண்குதிரைமேல் சைக்கிளைச் சாய்த்து வைக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியிருக்கிறது. கல்வெட்டுப் படத்தில் எழுத்துத் தெளிவாக விழ வேண்டும் என்று சுண்ணாம்புக்கட்டியைத் தடவுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் எழுத்து தானாகவே எடுத்துக்காட்டும், கல்லுக்கும் சேதமில்லை. ஓவியத்தின் முன் அந்த டார்ச்சும் வேண்டாம்.

இடி மழையைக் குன்றின் மேலிருந்து ரசிக்க நிற்பது உயிருக்கே ஆபத்து. விஜயாலய சோழீஸ்வரத்துக் கல்வெட்டே, சாத்தன் பூதி எடுத்த கற்றளி மழையில் இடிந்து அழிந்ததையும், மல்லன் விடுமன் அதைத் திருப்பிக் கட்டியதையும் சொல்கிறது. மேகம் கறுக்கத் தொடங்கியதுமே இறங்கிவிட வேண்டும், ஏனென்றால் நனைந்த பாறையில் பெடலில் மாட்டிக்கொள்ள அடியில் கிளீட் என்னும் கட்டை வைத்த சைக்கிள் ஷூ ஓரடிகூட நிற்காது.

கடைசியாக, திரும்பும் நேரம். கொடும்பாளூர் மூவர் கோயிலில் இருக்குவேளிர் குறுநில மன்னர் பூதி விக்கிரமகேசரி தனக்கும் தன் தேவியர் இருவருக்குமாக எடுத்த மூன்று தளிகளில் இரண்டே எஞ்சியிருக்கின்றன. மூன்றாவதன் அடித்தளத்தில் மாலை வெயில் சாயும்போது எழுந்து போக மனம் வராது. புதுக்கோட்டையில் அறை எடுத்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தால், தெருவிளக்கில்லாத சாலையில் 40 கிலோமீட்டர் இருட்டில் மிதிக்க வேண்டிவரும். அன்றைய இரவுத் தங்கலை முன்கூட்டியே பக்கத்திலுள்ள விராலிமலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பொழுது முழுவதும் சாய்ந்த பிறகு கிளம்பினாலும் சிறிது நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். விடியலில் முருகன் கோயில் குன்றிலிருந்து வரும் மயிலின் அகவலே எழுப்பிவிடும்.