டைம்அவுட் வைக்காமல் ரிக்வெஸ்ட் அனுப்பாதீர்கள்

சர்வர்களுக்கு ரிக்வெஸ்ட் அனுப்ப உதவும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில், நாமாகச் சொல்லாவிட்டால் டைம்அவுட், அதாவது காத்திருப்பதற்கான கால வரம்பு, கிடையாது. சர்வர் வாயைத் திறக்காவிட்டால் புரோகிராம் அப்படியே காத்துக் கிடக்கும். என் ஸ்கிரிப்ட் ஒன்று இரவு முழுக்க அப்படி நின்றது. அன்றிலிருந்து இரண்டு எண்களைத் தனித்தனியாகக் கொடுக்கிறேன்: இணைப்புக்கு 3 விநாடி, பதிலைப் படிக்க 20.

இந்த இரண்டாவதைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது மொத்த நேரம் அல்ல; டேட்டா வராமல் இருக்கும் இடைவெளி. 15 விநாடிக்கு ஒரு பைட் சொட்டினால்கூட டைம்அவுட் ஆகாது, மணிக்கணக்கில் இழுக்கும். மொத்த வரம்பைத் தனியாக வையுங்கள்.

டைம்அவுட் ஆனதும் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பாதீர்கள். சர்வர் வேலையை முடித்திருக்கலாம். பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். தகவலைக் கேட்டு வாங்க மட்டும் செய்யும் கெட் ரிக்வெஸ்ட் என்றால் பரவாயில்லை. தகவலை அனுப்பி ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் போஸ்ட் ரிக்வெஸ்ட், அதுவும் பணம் கட்டுவது என்றால், பணம் இரண்டு முறை போய்விடலாம். அதைத் தவிர்க்க, முதல் முறையே ஒரு அடையாள எண்ணோடு அனுப்பி, மறுமுறையும் அதே எண்ணோடு அனுப்புங்கள். சர்வர் அதைப் பார்த்து இரட்டிப்பைத் தடுக்க வேண்டும்.