எடிசனில் ஒரு வேலூர்க் குடும்பம்: அமெரிக்கத் தமிழ்க் காதல் நாவல் எழுதும் முறை

முதல் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். குடும்பத்தில் யார் எந்த ஆண்டு, எந்த ஊரில் பிறந்தார்கள், இப்போது கையில் என்ன விசா என்று எழுதுங்கள். பாதிக் கதை அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

அப்பா காட்பாடிக்காரர்; எச்1பி என்ற வேலை விசாவில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து எடிசனுக்குப் போனவர். மூத்த மகள் 2005 ஆகஸ்டில் வேலூரில் பிறந்து, ஏழு வயதில் விமானம் ஏறியவள். தம்பி அங்கேயே பிறந்தவன். ஒரே வீடு, ஒரே குழம்பு. ஆனால் தம்பி பிறந்த அன்றே அமெரிக்கக் குடிமகன். அக்கா அப்பாவின் விசாவை ஒட்டிய எச்4. 21 வயது முடிந்தால் அது செல்லாது. எஃப்1 என்ற மாணவர் விசா போன்ற வேறு விசாவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். வேலை வழியாக வரும் கிரீன் கார்டில், அதாவது அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமையில், ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு இருப்பதால் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பல ஆண்டுகள் நீள்கிறது; அப்பாவின் முறை வருவதற்குள் அவளுக்கு 21 ஆகிவிடும். ஆகவே 2026 ஆகஸ்ட்தான் உங்கள் நாவலின் கெடு. வில்லன் தேவையில்லை, நாள்காட்டி போதும்.

இங்கே பலர் சறுக்குவது தேதியில்தான். அப்பா எந்த ஆண்டு கிரீன் கார்டுக்கு மனு போட்டார் என்று முடிவு செய்துவிட்டு, அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் இந்தியாவுக்கான பத்தியைப் பாருங்கள்; எந்தத் தேதி வரை மனு போட்டவர்களுக்கு முறை வந்திருக்கிறது என்று அதில் இருக்கும். முறை எப்போதோ வந்துவிட்ட ஆண்டைப் போட்டால் மொத்தக் கதையும் சரிந்துவிடும். வயதைக் கணக்கிடுவதில் சில சலுகைகளும் உண்டு. அவற்றையும் பார்த்துவிட்டே பிறந்த நாளை வையுங்கள்.

அடுத்தது காதலன். அவன் குடிமகன் என்றால் கல்யாணமே அவள் விசாச் சிக்கலைத் தீர்த்துவிடும். ஆபத்து அங்கேதான். 'பேப்பருக்காகத்தானா?' என்ற கேள்வி அம்மாவுக்கு வரும், அவன் நண்பர்களுக்கு வரும், ராத்திரி இரண்டு மணிக்கு அவளுக்கே வரும். அதனால் இரண்டு முடிச்சையும் ஒரே இடத்தில் அவிழ்க்காதீர்கள். 60,000 சொல், அத்தியாயத்துக்கு 2,000 வீதம் 30 அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது முடிவதற்குள் இருவரும் சந்தித்துவிட வேண்டும், 22இல் பிரிவு, விசா முடிவு 26க்குள், அவள் சொந்த முயற்சியில். காதலுக்கான பதில் அதற்குப் பிறகு. கடைசியில் இருவரும் சேர வேண்டும், காதல் நாவலைக் கையில் எடுப்பவர்கள் அதை நம்பித்தான் எடுக்கிறார்கள்.

அம்மா அப்பாவைக் கொடுமைக்காரர்களாக்க வேண்டாம். அம்மாவின் பயத்துக்கு ஒரு காரணம் கொடுங்கள். சாதியையும் மறைக்காதீர்கள், அதுவும் பெட்டியோடு விமானம் ஏறிப் போன சரக்குதான். எடிசன் வீட்டில் அது "அவங்க ஊர்ல எந்தப் பக்கம்?" என்று சுற்றி வளைத்து வரும். வேலூர்த் தோட்டப்பாளையத்து ஆயா போனில் நேராகவே கேட்பாள்: "இன்னா ஆளுங்க?"

அந்த போன் எத்தனை மணிக்கு வருகிறது? மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை வேலூர் நேரம் நியூஜெர்சியைவிட ஒன்பதரை மணி நேரம் முந்தி ஓடும். மற்ற மாதங்களில் பத்தரை. கோடையில் அங்கே இரவு எட்டு என்றால் இங்கே விடியற்காலை ஐந்தரை. ஆயா வாசல் தெளித்துக்கொண்டே பேசுகிறாள், வாளிச் சத்தம் பேத்தி காதில் விழுகிறது என்று எழுதலாம். 'மாலை வெயிலில் ஆயா பேசினாள்' என்று எழுதினால் எடிசனில் அப்போது காலை என்பதை மறக்கக் கூடாது.

பேச்சு நடையில் நிதானம் வேண்டும். மகளின் தமிழ் ஏழு வயதில் நின்றுபோன தமிழ்: சரளமாக வரும், ஆனால் கோபத்துக்கும் காதலுக்கும் சொல் இருக்காது, அங்கே ஆங்கிலத்துக்குத் தாவுவாள். அந்த ஆங்கிலத்தை வட்டார வாசனை இல்லாத, சின்னச் சின்ன எழுத்துத் தமிழ் வாக்கியங்களாகப் போடுங்கள். தம்பிக்கு விகுதி தவறும். "தாத்தா வந்தான்" என்பான். வீடே சிரிக்கும், அவன் அதன் பிறகு தமிழில் வாய் திறக்க மாட்டான்.

சமையலறைக் காட்சிக்கு ஆம்பூர் பிரியாணி நன்றாக உதவும். சீரகச் சம்பா, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது, பக்கத்தில் எண்ணெய்க் கத்திரிக்காய். விழுதை எண்ணெயில் வதக்கும்போது நெடி ஏறி, கூரையிலிருக்கும் புகை அலாரம் அலறும். அப்பா நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறுகிறார். அந்த நேரம் பார்த்துக் காதலன் கதவைத் தட்டுகிறான். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள் கத்திரிக்காய் அங்கே கிடைக்காது, இந்தியக் கடையின் சின்னக் கத்திரிக்காயைத்தான் அம்மா வாங்குவாள், வாங்கும்போதெல்லாம் குறை சொல்வாள்.

எழுதி முடித்ததும் ஆயா பேசும் இடங்களை மட்டும் வேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். மகள் பேசும் இடங்களை அமெரிக்காவில் வளர்ந்த ஒருவரிடம். இருவரும் எந்த வரியில் முகம் சுளிக்கிறார்களோ அந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு.