காதோரம் கலகலக்கும் முத்து: ரோமானியத் தொங்கட்டான் செய்முறை

ரோமானியப் பொன் நகை என்றதும் பலருக்கும் கனத்த காப்பும் முத்திரை மோதிரமும்தான் நினைவுக்கு வரும். எனக்குப் பிடித்தது அவற்றைவிடச் சிறியது. குறுக்கே ஒரு பொன் பட்டை, அதன் கீழே இரண்டோ மூன்றோ முத்துகள். தலையை அசைத்தால் முத்துகள் மோதி ஒலிக்கும். அந்த ஒலிக்காகவே இதற்குக் ‘குரோட்டாலியா’ என்று பெயர். கையில் வைத்துத் தட்டும் தாளக் கட்டையின் பெயரிலிருந்து வந்தது. நம் சிப்ளாக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சத்தத்தில் பெண்கள் மகிழ்வதை ரோமானிய எழுத்தாளர் பிளினி எரிச்சலோடு எழுதியிருக்கிறார். வீதியில் போகும் பெண்ணுக்கு முத்துதான் கட்டியக்காரன் என்ற பேச்சு ஏழைகளிடமும் இருந்ததாம். லோலியா பவுலினா என்ற சீமாட்டி ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு 4 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) மதிப்புள்ள மரகதமும் முத்தும் அணிந்து வந்ததைத் தாமே பார்த்ததாகச் சொல்கிறார். கேட்டால் காட்ட ரசீதும் தயாராக இருந்ததாம்! அந்த முத்துகளில் சில நம் பக்கத்துக் கடலில் எடுத்தவையாகவும் இருக்கலாம். கொற்கையில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளித்ததைப் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு சொல்கிறது.

நாம் பொன்னுக்குப் பதில் பித்தளையில் செய்யப்போகிறோம். ஒரு ஜோடிக்கு வேண்டியவை: 0.8 மி.மீ. கம்பி 10 செ.மீ., 0.5 மி.மீ. கம்பி 30 செ.மீ., துளையிட்ட 7 மி.மீ. நன்னீர் முத்து நான்கு, கடையில் கிடைக்கும் வெள்ளிக் காதுக் கொக்கி இரண்டு. கருவிகள் வட்டமூக்குக் குறடு, தட்டைமூக்குக் குறடு, வெட்டுக் குறடு. மெல்லிய உப்புத்தாள் ஒரு துண்டு. முத்தின் துளையில் கம்பி நுழைகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

முதலில் பட்டை. ரோமானியத் தட்டார் தகட்டில் வளையங்களைப் பற்றவைத்தார்; நாம் நெருப்பில்லாமல் வளைத்தே முடித்துவிடலாம். தடித்த கம்பியில் 5 செ.மீ. வெட்டி, நட்டநடுவில் பேனாவால் புள்ளி வையுங்கள். புள்ளியை வட்டமூக்குக் குறட்டால் பிடித்து, இரு முனைகளையும் மூக்கைச் சுற்றிக் கொண்டுவந்து, ஒன்றையொன்று தாண்டி எதிரெதிரே நீளவிடுங்கள். மேலே ஒரு வளையம், இரு பக்கமும் நீட்டிய கை. இனி நடுவிலிருந்து இரு பக்கமும் 4 மி.மீ. அளந்து புள்ளி வைத்து, அங்கிருந்து கம்பியைக் கீழ்நோக்கிச் சுருட்டி 3 மி.மீ. வளையமாக்குங்கள். மிச்சத்தை வெட்டி, வாயை இடைவெளியின்றி மூடுங்கள்.

இந்த 4 மி.மீ. கணக்கில் மட்டும் கை தளரக் கூடாது. வளையங்களின் மையங்களுக்கு இடையே 8 மி.மீ. இருந்தால், 7 மி.மீ. முத்துகள் 1 மி.மீ. இடைவெளியில் தொங்கும், சிறு அசைவிலேயே மோதும். நான் முதலில் செய்த ஜோடியில் 12 மி.மீ. விட்டுவிட்டேன். பார்க்க அழகு, சத்தம் மட்டும் இல்லை. குரோட்டாலியா ஊமையானால் அது வெறும் தோடுதான்.

அடுத்தது முத்து. மெல்லிய கம்பியை 7 செ.மீ. நீளத்தில் நான்காக வெட்டுங்கள். ஒரு நுனியைச் சந்தனப் பொட்டு அளவு இறுக்கமாகச் சுருட்டினால் முத்து கீழே நழுவாது. முத்தைக் கோத்து, மேலே 1 செ.மீ. தண்டு விட்டு, கம்பியை வளையமாக மடக்குங்கள். உடனே சுற்றி முடித்துவிடாதீர்கள்! முதலில் பட்டையின் வளையத்துக்குள் நுழையுங்கள். பிறகு தட்டைமூக்குக் குறட்டால் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, வால்பகுதியைத் தண்டின்மேல் மூன்று சுற்று நெருக்கமாகச் சுற்றி வெட்டுங்கள். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது முதலில் சுற்றிவிட்டு, பிறகு மாட்ட வழியில்லாமல் விழிப்பார்கள். வளைத்ததையே மறுபடி நிமிர்த்தி வளைத்தால் கம்பி இறுகி ஒடிந்துவிடும். புதுக் கம்பி எடுப்பதே மேல்.

கை பழகியதும் இந்தச் சுற்று வேறு இடத்திலும் உதவும். மரகத மணிகளைப் பொற்கம்பியால் கோத்த ரோமானிய மாலைகளிலும் இதே முடிச்சுதான். எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் தோண்டிய மரகதத்தை அவர்கள் பட்டை தீட்டவில்லை. இயற்கையான ஆறுமுக வடிவிலேயே நெடுக்காகத் துளைத்துக் கோத்தார்கள்.

ஒரு குறுக்குச் செய்தி: பழைய பொற்கம்பியை உருப்பெருக்கியில் பார்த்தால் திருகலான கோடு தெரிவதுண்டு. மெல்லிய தகட்டு நாடாவை முறுக்கிக் கம்பியாக்கியதன் தடம் அது. நம் கம்பி அச்சுத் துளையில் இழுத்தது; அதன் கோடுகள் நீளவாக்கில் நேராக ஓடும்.

மூன்று சுற்றின் வெட்டிய நுனியை விரலால் தடவிப் பாருங்கள். குத்தினால் உப்புத்தாளால் தேயுங்கள். இரண்டு தண்டுகளும் ஒரே உயரமா என்று பார்த்து, மேல் வளையத்தைக் காதுக் கொக்கியில் மாட்டுங்கள்.

பித்தளை கறுத்தால் குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும். வேண்டாம், புளிப்பு முத்தை அரித்துவிடும். ஈரத் துணி போதும். இனி கண்ணாடி தேவையில்லை. காதில் மாட்டிக்கொண்டு, ‘இல்லை’ என்பதுபோல் இரண்டு முறை தலையை ஆட்டிக் கேளுங்கள்.