வெளியில் உட்காரும்போது கொசு அண்டாமல் இருக்க: வீட்டுத் தயாரிப்புகளும் அவை தாங்கும் நேரமும்

வாசனை எண்ணெய் தடவினால் கொசு கடிக்காது என்பது பொய்யில்லை. ஆனால் அந்த வாசனை தோலில் இருக்கும் வரைதான் கடிக்காது. அது எவ்வளவு நேரம் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. 2002-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஒப்பீடு வந்தது. தடவிய கையைக் கொசுக் கூண்டுக்குள் விட்டு, முதல் கடி விழும்வரை நேரம் பார்த்தார்கள். சிட்ரோனெல்லா என்ற வாசனைப் புல்லின் எண்ணெய் கலந்த பூச்சுகள் சராசரியாக 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. 2 சதவீத சோயா எண்ணெய் கொண்ட ஒன்று சுமார் 95 நிமிடம் தாங்கியது. டீட் என்ற ரசாயனக் கொசுவிரட்டி 23.8 சதவீதம் உள்ள பூச்சு ஐந்து மணி நேரம். மணிக்கட்டில் மாட்டும் வாசனைப் பட்டையால் பயனே இல்லை.

ஆகவே எண்ணெயில் ஆரம்பிப்பது தலைகீழ் வேலை. முதலில் தண்ணீர், அடுத்து காற்று, பிறகுதான் தோலில் பூசுவது. புகை கடைசி.

தண்ணீர்

வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அதனால் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, தேங்கும் தண்ணீரை எல்லாம் கொட்ட வேண்டும். பூந்தொட்டியின் அடித்தட்டு, தார்ப்பாய் மடிப்பு, பழைய டயர், கவிழ்க்காமல் விட்ட வாளி, பிராணிகள் குடிக்கும் கிண்ணம், இலை அடைத்த கூரைவாரி என்று பார்த்துக்கொண்டே போங்கள். ஒரு பாட்டில் மூடியில் நிற்கும் தண்ணீர்கூட டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும்.

பலர் கோட்டை விடுவது தேய்ப்பதில்தான். ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட்டதும் பொரிக்கும். வெறுமனே கொட்டிவிட்டு அடுத்த மழைக்கு அப்படியே வைத்தால் பழைய முட்டைகளுக்கு நாமே தண்ணீர் ஊற்றிய கணக்கு. சொரசொரப்பான பிரஷால் உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். கொட்டும் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். புழு அங்கேயே செத்துவிடும்.

கொட்ட முடியாத தொட்டி, பீப்பாய் இருந்தால் கொசுவலை கட்டி மூடலாம். வலைக்கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாக இருக்க வேண்டாம். பறையில் தோல் போல இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் கொசு வலைமேல் உட்கார்ந்தே முட்டையிட்டுவிடும்.

மூடவும் வழியில்லை என்றால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்ட இயற்கைப் பாக்டீரியா இது. கொசுப்புழு இதைத் தின்றதும் அதன் குடல் சிதைந்து சாகும். மீனுக்கோ பறவைக்கோ மனிதருக்கோ கேடில்லை. அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். உறையில் உள்ளபடி போடுங்கள். போட்ட இரண்டாம் நாளும் கொசு வந்தால் மருந்து போலி என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக் கிண்ணத்தில் அந்தத் தண்ணீரை மொண்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வால் நுனியை மேற்பரப்பில் ஒட்டித் தலைகீழாகத் தொங்கி, நிழல் பட்டதும் நெளிந்து கீழே போவது புழு. காற்புள்ளி வடிவில், தலை பெருத்து, குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு போவது கூட்டுப்புழு. கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் பி.டி.ஐ. அதை ஒன்றும் செய்யாது. மருந்து போட்ட அன்று அந்த நிலையில் இருந்தவை இரண்டு மூன்று நாளில் கொசுவாகத்தான் போகும். அதற்குப் பிறகுதான் பலன் தெரியும்.

செடிக்கோ பிராணிக்கோ பயன்படாத தண்ணீர் என்றால், ஒரு வாளிக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் விடலாம். நீரின் மேற்பரப்பு இறுக்கம் போய்விடுவதால் புழுவாலும் கூட்டுப்புழுவாலும் மேலே ஒட்டி மூச்சு வாங்க முடியாது. இது தற்காலிக வேலை. மழை விழுந்து கரைசல் நீர்த்தால் பலனும் போகும்.

கொஞ்சம் பொறுமை இருந்தால் பொறிவாளியும் வைக்கலாம். கறுப்பு அல்லது அடர் நிற வாளியில் பாதிக்குத் தண்ணீர், ஒரு கைப்பிடி காய்ந்த புல். நிழலில் மூன்று நான்கு நாள் ஊறினால் அழுகல் வாடை வரும். முட்டையிட இடம் தேடும் கொசுவுக்கு அது அழைப்பு. அப்போது பி.டி.ஐ. போட்டு, உட்காரும் இடத்திலிருந்து எட்டுப் பத்து மீட்டர் தள்ளி வையுங்கள். மழையில் வழியாமலிருக்க வாளியின் பக்கவாட்டில் முக்கால் உயரத்தில் ஒரு துளை போடுங்கள். மருந்தை உரிய நாளில் புதுப்பிக்க மறக்கக்கூடியவர் என்றால் இந்த வேலையே வேண்டாம். மறந்த பொறிவாளி கொசுப்பண்ணை.

ஃபேன்

வெளியில் உட்காருவோருக்கு இதைவிட நம்பகமான இயற்கை வழி இல்லை, ஆனாலும் யாரும் மதிப்பதில்லை. கொசு பறக்கும் வேகம் மணிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். ஒரு சாதாரண டேபிள் ஃபேனின் காற்றை எதிர்த்து அதால் வர முடியாது. கூடவே, நாம் விடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடு, உடல் வாடை ஆகியவற்றைத் தொடர்ந்துதான் அது நம்மிடம் வருகிறது. காற்று அந்தத் தடத்தைக் கலைத்துவிடுகிறது.

ஒரு ஃபேனைத் தரையிலேயே, காலிலிருந்து ஒன்றரை இரண்டு மீட்டர் தூரத்தில் வைத்து முழங்காலுக்குக் கீழே குறிபாருங்கள். இன்னொன்று இருந்தால் முதுகுப் பக்கம். கணுக்காலில் காற்று உறைக்க வேண்டும், அதுதான் சோதனை. தலை திரும்பும் பொத்தானை அமுக்கிவிடாதீர்கள். ஃபேன் அந்தப் பக்கம் திரும்பும் சில நொடி கொசுவுக்குப் போதும். மேலே தொங்கும் ஃபேன் மேசைக்கு அடியில் காற்றை அனுப்பாது. கடி முழுக்க அங்கேதான் விழும். ஈரப் புல்லில் ஒயரை இழுக்க வேண்டியிருந்தால் மின்கசிவு ஏற்பட்டதும் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச் உள்ள இணைப்பில் மட்டும் செருகுங்கள்.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. உடலோடு ஒட்டிய துணி வழியாகக் கொசு கடிக்கும். தொளதொளப்பாக, நெருக்க நெசவாக இருக்கட்டும். ஏடிஸ் கொசு மனித மூச்சை உணர்ந்ததும் கறுப்பு, சிவப்பு, ஆரஞ்சு நிறங்களை நாடிப் போகிறது, வெள்ளை, பச்சை ஆகியவற்றைக் கண்டுகொள்வதில்லை என்று 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது.

தோலில் பூச

வீட்டுக் கலவை எல்லாவற்றுக்கும் எதிரி ஆவியாதல்தான். சிட்ரோனெல்லா எளிதில் பறந்துவிடும் எண்ணெய். உடல் சூட்டில் இன்னும் சீக்கிரம். அதைக் கெட்டியான எண்ணெயில் கலந்தால் கொஞ்சம் தாமதமாகும். வெனிலாவின் வாசனைப் பொருளான வெனிலின் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். எப்படிக் கலந்தாலும் மணிக்கணக்கில் மறந்துவிட்டு இருக்க முடியாது.

எண்ணெய்ப் பூச்சு, 100 மில்லிக்கு: தேங்காய் எண்ணெய் அல்லது சோயா எண்ணெய் 95 மில்லி, சிட்ரோனெல்லா எண்ணெய் 3 மில்லி, எலுமிச்சை வாசனை யூகலிப்டஸ் எண்ணெய் 2 மில்லி. சொட்டுக் கணக்கை நம்பாதீர்கள். ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 20 சொட்டு என்பார்கள். மூடிக்கு மூடி அது மாறும். ஊசியில்லாத சிரிஞ்சால் அளப்பதுதான் சரி. தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தால் வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி இளக்குங்கள், ஆறிய பிறகு வாசனை எண்ணெயைச் சேருங்கள். சூட்டில் ஊற்றினால் பாதி அங்கேயே பறந்துவிடும்.

ஸ்ப்ரே வேண்டுமென்றால், 70 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள ஆல்கஹால் 90 மில்லியில் வெனிலின் தூள் 2 கிராமைக் கரைத்து, அதே 5 மில்லி வாசனை எண்ணெயும், தோல் வறளாமலிருக்க 5 மில்லி கிளிசரினும் சேர்த்துக் குலுக்குங்கள். வெனிலா எசன்ஸ் இதற்கு உதவாது. அதில் பெரும்பகுதி வேறு திரவம்தான். ஆல்கஹாலுக்குப் பதில் தண்ணீரில் எண்ணெயை விடும் செய்முறைகள் நிறைய உலவுகின்றன. தண்ணீரில் எண்ணெய் கரையாது. முதல் சில அடி வெறும் தண்ணீராகவும், கடைசி அடி கலக்காத எண்ணெயாகவும் வந்து தோலை எரிக்கும். ஆல்கஹால் ஸ்ப்ரே தீப்பிடிக்கும். மெழுகுவர்த்தி, அடுப்பு, புகைச்சட்டி பக்கம் அடிக்கக் கூடாது. முகத்துக்கு நேராக அடிக்காமல், கையில் எடுத்து, கண்ணையும் வாயையும் விட்டுப் பூசுங்கள்.

முதல்முறை பூசும்போது முழங்கையின் உள்பக்கம் சிறிது தடவி 24 மணி நேரம் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ உங்களுக்கு அது ஆகாது. பூசும்போது முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அரைத் தேக்கரண்டி என்று கணக்கு வையுங்கள். அங்கங்கே தொட்டு வைப்பதில் பலனில்லை. விட்டுப்போன இரண்டு விரற்கடை இடத்தைக் கொசு கண்டுபிடித்துவிடும். காதின் பின்புறம், கணுக்கால், பேண்ட் விளிம்பு மூன்றும் எப்போதும் விட்டுப்போகும் இடங்கள். வெயில் கிரீம் போடுவதாக இருந்தால் அது முதலில், இது அதன் மேல். மறுபூச்சு மணிக்கு ஒருமுறை, வியர்த்தால் அரைமணி. தோலில் ஒரு கொசு வந்து அமர்ந்துவிட்டால் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை, உடனே பூசுங்கள்.

வேப்பெண்ணெய்க் கலவை இதைவிடச் சுலபம்: 98 மில்லி தேங்காய் எண்ணெயில் 2 மில்லி. கனமான எண்ணெய் என்பதால் தோலில் நிற்கும், வாடையும் நிற்கும். அளவைக் கூட்டினால் எரிச்சல்தான் கூடும்.

சில எச்சரிக்கைகள் சடங்குக்காகச் சொல்பவை அல்ல. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வாசனை எண்ணெய்க் கலவை எதுவும் வேண்டாம். வலை போர்த்திய தள்ளுவண்டியும் ஃபேனுமே போதும். பெரிய குழந்தைகளுக்கும் விரல்களில் பூசாதீர்கள், வாய்க்குப் போகும். கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், வேப்பெண்ணெய் மூன்றையும் குழந்தைகள் விழுங்கினால் வலிப்பு வரக்கூடும். எட்டாத இடத்தில் வையுங்கள். எலுமிச்சைச் சாறு, பிழிந்தெடுத்த எலுமிச்சைத் தோல் எண்ணெய், பெர்கமாட் எண்ணெய் ஆகியவற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தீக்காயம் போலக் கொப்பளிக்கும். பூனை உள்ள வீட்டில், அது நக்கக்கூடிய இடத்தில் எந்த வாசனை எண்ணெயும் கூடாது. அதன் கல்லீரலால் இவற்றைச் சரிவரச் சிதைக்க முடியாது.

எலுமிச்சை வாசனை யூகலிப்டஸ் எண்ணெயும், பி.எம்.டி. என்ற பெயரில் விற்கும் பூச்சும் ஒன்றல்ல. இரண்டும் ஒரே மரத்திலிருந்து வருபவைதான். ஆனால் இலையைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில் பி.எம்.டி. மிகக் குறைவு, பதப்படுத்தி அதைச் செறிவாக்க வேண்டும். வீட்டில் நடக்காது. டெங்கு, மலேரியா நடமாடும் இடத்தில் வீட்டுக் கலவையை மட்டும் நம்பி உட்காராதீர்கள், பி.எம்.டி., பிகாரிடின், டீட் இவற்றில் ஒன்று உள்ள கொசுவிரட்டிப் பூச்சைப் பூசுங்கள். ஏடிஸ் பகலில், அதிலும் காலையிலும் பொழுது சாய்வதற்கு முந்தைய மணிகளிலும் கடிக்கும் என்பதால் இருட்டிய பிறகு பூசிக்கொள்வது அதற்குக் காலம் கடந்த வேலை.

கலவையை அடர்நிறக் கண்ணாடிப் பாட்டிலில், தேதி எழுதி, நிழலில் வையுங்கள். சில பிளாஸ்டிக்கை இந்த எண்ணெய்கள் இளக்கிவிடும். சிக்குவாடை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். கெட்டுப்போன வாசனை எண்ணெய் ஒவ்வாமையைக் கிளப்பும்.

புகை மூட்டம்

வேப்பிலை, நொச்சி, துளசி, லெமன்கிராஸ் இவற்றில் எது கிடைத்தாலும் சரி. இலை பாதி காய்ந்திருக்க வேண்டும்: நிழலில் இரண்டு நாள் போட்டால் வளைத்தால் மடியும், நொறுங்காது, அதுதான் பக்குவம். பச்சையாகப் போட்டால் தணல் அணையும். சருகாகப் போட்டால் குப்பென்று எரிந்து புகையே இருக்காது. மண்சட்டியிலோ இரும்புச் சட்டியிலோ அடியில் மணல், மேலே நன்கு கனிந்த கரித்தணல், அதன் மேல் மெல்லிய சாம்பல் படலம், பிறகு ஒரு பிடி இலை. கால் மணிக்கு ஒருமுறை அடுத்த பிடி. காற்று வரும் பக்கத்தில் இரண்டு மூன்று மீட்டர் தள்ளித் தரையில் வைத்தால் புகை கால் மட்டத்தில் தவழ்ந்து போகும். முகத்தில் அடித்தால் சட்டியை நகர்த்துங்கள், சகித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

புகை நின்றால் பலனும் நின்றது. ஃபேனும் புகையும் ஒன்றையொன்று கெடுக்கும், இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மூடிய திண்ணை, கூடாரம், கார் நிறுத்துமிடம் போன்றவற்றில் புகை கூடாது. மூடிய அறையில் ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிந்தால், 75 முதல் 137 சிகரெட் வெளியிடும் அளவுக்கு நுண்துகள் வெளிவருகிறது என்று 2003-இல் அளந்து சொன்னார்கள். இலைப்புகையும் நுரையீரலுக்குப் புகைதான். ஆஸ்துமா உள்ளவர் பக்கத்தில் இருந்தால் இந்த முறையை விட்டுவிடுங்கள். அரளி இலை, வர்ணம் பூசிய மரத்துண்டு, பிளாஸ்டிக் எதையும் தணலில் போடக் கூடாது. அரளிப் புகையே நஞ்சு.

நேரம் வீணாகும் வேலைகள்

கொசுவை விரட்டும் செடி என்று தொட்டியில் விற்கும் எதுவும் சும்மா நின்றால் விரட்டாது. இலையைக் கசக்கினால்தான் எண்ணெய் வெளிவரும். கசக்கித் தேய்த்தாலும் சில நிமிடம்தான். எலுமிச்சைப் பழத்தில் கிராம்பு குத்தி மேசையில் வைப்பது அலங்காரம். சிட்ரோனெல்லா மெழுகுவர்த்தி, காற்றே இல்லாத இடத்தில் ஒரு கை தூரத்துக்கு ஏதோ செய்யலாம். பூண்டு தின்பது, வைட்டமின் பி மாத்திரை, மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி மூன்றும் சோதனைகளில் தேறவில்லை. ஊதா விளக்கில் பொசுக்கும் கருவியில் விழுபவை பெரும்பாலும் விட்டிலும் வண்டும். நம்மைக் கடிக்க வரும் கொசு வெளிச்சத்தைத் தேடி வருவதில்லை. சர்க்கரையும் ஈஸ்ட்டும் கரைத்த பாட்டில் பொறியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வருவது நிஜம். பக்கத்தில் நான்கு பேர் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது கொசு அந்தப் பாட்டிலை நாடிப் போக வேண்டிய காரணம் எதுவும் இல்லை.