கொலனோஸ்கோபிப் படத்தில் பொலிப் தேடும் மொடல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்கு அருகே ஒரு தேநீர்க்கடையில் இறுதியாண்டு மாணவி ஒருவர் தன் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். குழாய்க் கமராவை உள்ளே விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் எடுத்த, பெருங்குடலின் உட்பக்கம். ஈரமாக மினுங்கும் இளஞ்சிவப்பு மடிப்புகளுக்கு நடுவே பயறு மாதிரி ஒரு பொலிப். அதன் விளிம்பைச் சுற்றி அவர் பயிற்றிய கணினி மொடல் போட்ட கோடு மயிரிழையும் பிசகவில்லை. "அண்ணா, டைஸ் தொண்ணூறைத் தாண்டீட்டுது" என்றார். டைஸ் என்பது அந்தக் கோடு எவ்வளவு சரி என்பதற்கு நூற்றுக்குப் போடும் புள்ளி. "டேட்டாவைப் பயிற்சிக்கும் ரெஸ்ருக்கும் எப்படிப் பிரிச்சனீர்?" என்று கேட்டேன். "எல்லாத்தையும் கலக்கிப்போட்டு, பத்தில ஒரு பங்கை ரெஸ்ருக்கு எடுத்தனான்."

இந்தத் துறையில் டீப் லேர்னிங் (எடுத்துக்காட்டுகளைக் காட்டிக் கணினியைப் பழக்கும் முறை) பழகுவோர் செய்யும் முதலாவது பெரிய பிழை அதுதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இணையத்தில் கிடைக்கும் பல வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கின்றன.

பொலிப் என்பது குடல் சுவரில் முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சி. சில வகைகள் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து புற்றுநோயாகின்றன. கண்ட இடத்திலேயே அகற்றிவிட்டால் அந்த வழி அடைபடும். தவறவிட்டால் ஓர் ஆளின் ஆயுள். அதனால்தான் இதில் கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறேன்.

எல்லோரும் பாவிக்கும் சிவிசி-கிளினிக்டிபி என்ற படத் தொகுப்பில் 612 படங்கள் இருக்கின்றன. அவை 612 நோயாளிகளுடையவை அல்ல, சுமார் 30 வீடியோத் துண்டுகளில் இருந்து வெட்டி எடுத்தவை. ஒரே பொலிப்பைக் கமரா கொஞ்சம் திரும்பிப் பார்த்த படங்கள் வரிசையாக வரும். அவற்றைக் கலக்கிப் பிரித்தால் பயிற்சியில் ஒரு படம், பரீட்சையில் அதன் இரட்டை. நேற்று ரியூசனில் செய்த கணக்கே இன்று வினாத்தாளில் வந்தால் எவருக்கும் புள்ளி விழும்தானே? சன் என்ற ஜப்பானியத் தொகுப்பில் பொலிப் உள்ள படங்கள் 49,136. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அத்தனையும் 100 பொலிப்களின் படங்கள்.

ஆகவே ஆள்வாரியாகப் பிரியுங்கள். அந்த விபரம் இல்லையென்றால் வீடியோவாரியாக. அதுவும் இல்லாவிட்டால் வேறொரு வைத்தியசாலையின் தொகுப்பை அப்படியே ரெஸ்ருக்கு ஒதுக்கிவிடுங்கள். 2020இல் வெளிவந்த, பிராநெட் என்ற மொடலின் ஆய்வைப் பாருங்கள். க்வாசிர்-செக் என்ற நோர்வேத் தொகுப்பில் இருந்து 900, கிளினிக்டிபியில் இருந்து 550 படங்களைக் கொண்டு பயிற்றிய மொடல் மிச்சக் க்வாசிர் படங்களில் டைஸ் 0.898 (ஒன்றுக்கு) எடுத்தது. பயிற்சியில் எட்டியும் பார்க்காத ஈடிஸ் தொகுப்பின் 196 படங்களில் அதே மொடல் 0.628தான். அதே ஆய்வின் அட்டவணையில் யூ-நெட் என்ற பழைய மொடல் 0.818இல் இருந்து 0.398க்கு இறங்குகிறது. புதிதாக ஒரு நோயாளி வந்து படுக்கும்போது என்ன நடக்கும் என்பதற்குக் கிட்டவான எண் இரண்டாவதுதான்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: படங்களைத் திருப்பி, புரட்டி, நிறம் மாற்றிப் பெருக்குவதை முதலில் செய்துவிட்டு அதற்குப் பிறகு பிரிப்பது. அப்போது ஒரே படத்தின் புரட்டிய பிரதி ரெஸ்ருக்குள் போய் இருந்துவிடும். முதலில் பிரியுங்கள், அப்புறம் பயிற்சிப் பக்கத்தை மட்டும் பெருக்குங்கள்.

அடுத்தது, சுகமான குடலையே காட்டாமல் மொடலைப் பயிற்றுவது. க்வாசிர்-செக் தொகுப்பின் 1000 படங்களிலும் பொலிப் இருக்கிறது. அதை மட்டும் பார்த்து வளர்ந்த மொடலுக்கு "இங்கே ஒன்றும் இல்லை" என்ற பதிலே தெரியாது. கமராவை வெளியே இழுத்துக்கொண்டு வரும்போது குறைந்தது 6 நிமிடம் பார்க்க வேண்டும் என்பது வழமை. விநாடிக்கு 25 படம் என்றால் 9000 படங்கள். நூற்றுக்கு ஒன்றில் மொடல் பிழையாகப் பொலிப் என்று சொன்னாலும் 90 பொய் அலாரம், அதாவது நாலு விநாடிக்கு ஒன்று. எந்த வைத்தியரும் பத்தாவது தடவையோடு திரையைப் பார்ப்பதை விட்டுவிடுவார். நுரைக் குமிழி, கழுவப்படாத மலத் துணுக்கு, ஈரத்தில் தெறிக்கும் வெளிச்சம், பக்கவாட்டில் தெரியும் மடிப்பு, குடல்வால் திறக்கும் துளை எல்லாமே மொடலை ஏமாற்றும். சன் தொகுப்பில் பொலிப் இல்லாத 109,554 படங்களும் இருக்கின்றன. கட்டாயம் சேருங்கள்.

படங்களைத் திறந்து கண்ணால் பாருங்கள் என்று நான் சொல்லி அலுக்காத காரணம் ஒன்று உண்டு. க்வாசிர் படங்கள் சிலவற்றின் இடது கீழ் மூலையில், கருவி குடலுக்குள் எப்படி வளைந்து கிடக்கிறது என்று காட்டும் பச்சைப் பெட்டி இருக்கும். ஒரு வகைப் படங்களில் மட்டும் அது அடிக்கடி வந்தால், மொடல் குடலை விட்டுவிட்டு அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும். மூலையை மறைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இலவசமாகக் கிடைக்கும் ஜிபியூவில் (மொடலைப் பயிற்றும் வேகச் சில்லு) இடம் பற்றாது என்று படத்தை 128க்கு 128 ஆகச் சுருக்குவதும் நடக்கிறது. 1920 பிக்சல் அகலப் படத்தில் 30 பிக்சல் அகலமான பொலிப் அப்போது இரண்டு பிக்சல் ஆகிவிடும். இரண்டு பிக்சலில் என்னத்தைக் கண்டுபிடிப்பது?

சராசரி டைஸை மட்டும் எழுதுவதிலும் இதே சிக்கல். டைஸ், வைத்தியர் குறித்த பகுதியோடு மொடல் குறித்த பகுதி எவ்வளவு பொருந்துகிறது என்று மட்டுமே சொல்லும். பெரிய, எவருக்கும் தெரியும் பொலிப்கள் சராசரியைத் தூக்கிவிட, சுவரோடு ஒட்டிய தட்டையானவை காணாமல் போகும். எத்தனை பொலிப்பில் எத்தனையைத் தவறவிட்டது, அவை எந்த அளவு, எந்த வடிவம் என்று தனியாக எழுதுங்கள். வைத்தியர் கேட்கப்போவது அதைத்தான்.

உள்ளூர்ப் படங்கள் வேண்டும் என்ற ஆசை நல்லது. பார்சிலோனாவிலும் நோர்வேயிலும் எடுத்த படங்களில் படித்த மொடலை இங்கே சோதிக்காமல் நம்ப முடியாது. ஆனால் தெரிந்த வைத்தியரிடம் சொல்லி, திரையைக் கைப்பேசியால் படம்பிடித்து வாட்சப்பில் வாங்குவது வழியல்ல. மூலையில் நோயாளியின் பெயரும் வயதும் திகதியும் தெரியும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விபரத்தைத் தனிவகையாகவே வைத்திருக்கிறது. ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக்கு மாதங்கள் ஆகும், முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள்.

கடைசியாக, அறிக்கையின் முன்னுரையில் "இது புற்றுநோய் மரணங்களைக் குறைக்கும்" என்று எழுதுவது. சீனாவில் 1058 பேரிடம் நடந்து 2019இல் வெளிவந்த பரிசோதனையில், புற்றுநோயாக மாறக்கூடிய அடினோமா வகைப் பொலிப் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் இப்படியான மொடலின் உதவி இல்லாதபோது 20.3 வீதம், உதவி இருந்தபோது 29.1 வீதம். ஆனால் மேலதிகமாகக் கிடைத்தவை பெரும்பாலும் மிகச் சிறியவை. 2025இல் போலந்திலிருந்து வந்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: இப்படியான மொடலின் உதவிக்குப் பழகிய வைத்தியர்கள் அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அந்த வீதம் 28.4இல் இருந்து 22.4க்கு இறங்கியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

அந்த மாணவி அடுத்த கிழமை திரும்ப வந்தார். வீடியோவாரியாகப் பிரித்து, ஈடிஸ் படங்களில் ஓட்டியிருந்தார். புள்ளி நன்றாகவே இறங்கியிருந்தது. தவறவிட்ட பொலிப்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தார். தட்டையானவைதான் அதிகம். தேநீர் ஆறும் வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.